தண்ணீர் ஆகாத மூட்டைகள்

கப்பலில் வருகிற எதையும் நம்பக்கூடாது என்பது அந்தமானில் கடை வைத்திருப்பவர்களுக்கு முதல் பாடம். சென்னையில் ஏற்றும்போது முழு மூட்டையாக இருந்த பருப்பு, போர்ட் பிளேயரில் இறங்கும்போது முக்கால் மூட்டையாக இருக்கும். கேட்டால் கடல் காற்றில் காய்ந்து சுருங்கிவிட்டது என்பார்கள். (கடல் காற்றில் காய்கிற பொருளை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் துவைத்த துணிகூடக் காயாது.) ராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கே மளிகை வியாபாரம் பார்க்கும் குடும்பத்தில் பிறந்த நான், சந்தேகப் பிராணியாக வளராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் கோடவுனில் பாதியை அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு குடிநீர் கான்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒருநாள் அங்கே லாரியில் வெள்ளை மூட்டைகள் வந்து இறங்கின. கூடவே பிஸ்வாஸ் என்ற பெங்காலி இன்ஜினியரும் வந்தார். முகத்தில் மாஸ்க், கையில் உறை, கண்ணில் கண்ணாடி. சரக்கு இறக்க வந்தவர் எதற்கு இப்படி முகத்தை மறைக்கிறார்? எனக்கு அப்போதே பொறி தட்டியது.

மூட்டைக்குள் இருப்பது பாலிமர் தூள், குடிநீரில் உள்ள கலங்கலை அடியில் இறக்கப் போடுவது என்றார். பிறகு சட்டதிட்டங்களை ஆரம்பித்தார். பலகை மேல்தான் அடுக்க வேண்டும். சுவரில் ஒட்டக்கூடாது. வாயைப் பிரிக்கக்கூடாது. தூசி மூக்கில் ஏறக்கூடாது. தவறிக் கொட்டிவிட்டால் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி அள்ள வேண்டும். கடைசியாக என் தோளைப் பிடித்துக்கொண்டு இந்தியில் சொன்னார்:

“பானி நஹீ, பாய். ஏக் பூந்த் பீ நஹீ.”

ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாதாம். தண்ணீரில் போடுகிற சாமானுக்குத் தண்ணீர் ஆகாதாம்! போனில் தேடிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கும் பாலிமர்தான் என்றது. எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பதே பிளாஸ்டிக் டிரம்மில்தான். மொண்டு குளிப்பது பிளாஸ்டிக் மக்கில். இந்த ஆள் யாரிடம் காது குத்துகிறார்? தண்ணீர் பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறார், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன்.

அத்தா சரக்கு எடுக்கச் சென்னைக்குக் கப்பல் ஏறினார். சாவி என் கைக்கு வந்தது. அந்த வாரம் பார்த்து, நடு அந்தமானில் இருக்கும் ரங்கத் ஊரிலிருந்து ஜமால் மாமா வருகிறார் என்று செய்தியும் வந்தது.

ஜமால் மாமா என்றால் நஸ்ரீனின் அத்தா. ரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் நஸ்ரீனைப் பார்த்திருந்தேன். பந்தியில் வைத்த பாயசத்தை அவள் முகர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் குடித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். வீட்டிலும் பெண் கேட்டிருந்தார்கள். அவள் கிடைக்காவிட்டால் என்ன ஆவேன் என்று நினைத்தாலே சோறு இறங்காது.

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. என் அத்தா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கிளம்பியிருந்தார். அப்பன் பக்கத்தில் நிற்கும்போது எல்லாப் பையனும் நல்ல பையன்தானே என்று சொன்னாராம். ரங்கத்தில் அவருக்கு அரிசிக் கடை. எந்த மூட்டையைக் கண்டாலும் முழங்கை வரை கையை விட்டு அடியில் இருப்பதை எடுத்துப் பார்ப்பார் என்று கேள்வி. போர்ட் பிளேயரில் குட்வில் எஸ்டேட் பகுதியில் தங்கை வீட்டில் தங்கியிருந்தவர், காலையில் நேரே கோடவுனுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

வெள்ளை மூட்டையைக் காட்டி இது என்ன என்று மாமா கேட்டால் என்ன சொல்வது? தெரியாது என்றால் துப்புக்கெட்டவன். பாலிமர் என்று சொல்லி, உள்ளே கடத்தல் சாமான் இருந்துவிட்டால் பெண்ணும் போச்சு, மானமும் போச்சு. அவர் வருவதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும். விடிந்ததும் விடியாததுமாகப் போய் ஒரு மூட்டையின் மூலையைக் கத்தியால் கீறினேன். கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்பது என் திட்டம். மூட்டைக்கு வேறு திட்டம் இருந்தது. பொலபொலவென்று கால்வாசி தரையில் கொட்டிவிட்டது.

வெள்ளை வெளேரென்று, சீனி மாதிரி. மணம் இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு மக் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கண் கொட்டாமல் பார்த்தேன். புகையவில்லை, பொங்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை. பிஸ்வாஸ் புளுகியிருக்கிறார் என்பது நிரூபணமாகிவிட்டது. (ஊறக் கொஞ்ச நேரம் கொடுக்கணும்னு யாருக்குத் தெரியும்?)

அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாள். எங்களுக்குத் தினமும் தண்ணீர் வராது. வருகிற நாளில் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவித் தள்ளிவிடுவோம். குழாய் சீறுகிற சத்தம் கேட்டதும் கை சும்மா இருக்குமா? கொட்டியதை மேலோட்டமாக அள்ளினேன். மிச்சத்தின் மேல் வாளி வாளியாக ஊற்றி, விளக்குமாற்றால் வாசல்வரை தேய்த்துவிட்டேன். தரை கண்ணாடியாகப் பளபளத்தது. மாமா அசந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த ஒரு கணிப்பு மட்டும் பலித்தது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தவர் ஸலாம் சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைத்தார். வலது கால் பருப்புப் பக்கம் போனது, இடது கால் உப்புப் பக்கம் போனது. பிடிக்க ஓடிய நான் அவரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வழுக்கி வந்து அவர் மடியில் விழுந்தேன். அரிசி மூட்டை தாங்கிக்கொண்டதால் இருவருக்கும் எலும்பு தப்பியது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கையை ஊன்றினால் கை போகிறது, காலை ஊன்றினால் கால் போகிறது. அதற்குள் தூள் நன்றாக ஊறி, கஞ்சி மாதிரிக் கொழகொழவென்று எங்கள் மேலெல்லாம் அப்பியிருந்தது. முயற்சியைக் கைவிட்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

மாமா விரல்களைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, பொண்ணு வேணாம்னா நேரா சொல்லியிருக்கலாமே. எண்ணெய ஊத்தியா சொல்லணும்?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “வேணும் மாமா” என்றேன். அதற்குமேல் எதையும் மறைக்கத் தெம்பில்லை. மாஸ்க் போட்ட பிஸ்வாஸ், தண்ணீர் ஆகாத பிளாஸ்டிக், கத்தி, மக், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நஸ்ரீன் கைநழுவிப் போவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா மூட்டைகளை நோட்டம் விட்டார்.

“எத்தனை மூட்டைய பிரிச்சுப் பாத்தீங்க?”

“ஒண்ணுதான் மாமா. மேல இருந்தது.”

“மேல இருக்கறத பாத்து என்ன பிரயோசனம்? மெயின்லேண்ட்காரன் மேல நல்லதா வச்சிட்டு, அடி மூட்டையிலதான் கோல்மால் பண்ணுவான். சந்தேகப்பட்டா முழுசா சந்தேகப்படணும்.”

விஷயம் தெரிந்து பிஸ்வாஸ் ஓடி வந்தார். வாசலைத் தாண்டாமல் நின்றே இந்தியிலும் பெங்காலியிலும் திட்டினார். மரமில்லிலிருந்து மரத்தூள் வரவழைத்து, தரை தெரியாதபடி தூவி, அது ஊறிய பிறகு மண்வெட்டியால் வழித்தெடுக்கச் சொன்னார். பாலிமர் சத்தியமாகப் பாலிமர்தான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சென்னையிலிருந்து திரும்பிய அத்தா என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஆனால் ரங்கத்திலிருந்து சம்மதம் வந்துவிட்டது. யாரையும் நம்பாத பையன், என் மகளை ஏமாற்ற எவனையும் விடமாட்டான் என்று மாமா சொன்னாராம். கூடவே ஒரே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளை வாளியைத் தொடக்கூடாது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதை நான் மீறப் பார்க்காமல் இல்லை. ரங்கத்தில் மாமனார் வீட்டில், செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட வாளியை எடுத்தால் போதும், கூடத்தில் பேச்சு நின்றுவிடும். மாமா நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். மாமி கட்டிலில் ஏறிக்கொள்வார். நஸ்ரீன் சிரிக்காமல் தன் காலைத் தூக்குவாள். என் மகளுக்கு நாலு வயது, யாரும் அவளிடம் கதையைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் முதலில் காலைத் தூக்குகிறவள் அவள்தான்.