மாமாவுக்கு மீசை முளைத்த கதை

சில சாமான்களைக் கையில் எடுத்தாலே நம்மைப் பற்றி நமக்கே பெரிய எண்ணம் வந்துவிடும். எனக்கு அது ஏர்பிரஷ்ஷால் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் அக்கா புருஷன் வைத்திருந்த விளம்பரப் பலகைக் கடையில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். மச்சான் ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து ஏர்பிரஷ் வாங்கி வந்தார். பேனா பருமன்தான். மேலே சின்னக் கிண்ணம், உள்ளே ஊசி, பின்னால் காற்றடிக்கும் மோட்டார். விசையை அழுத்தினால் சாயம் பனி மாதிரி போய்ப் படிந்தது. பலகையைத் தொடாமலே ஒரு கன்னம் உருண்டு வந்தது. நெற்றியில் வெளிச்சம் விழுந்தது. (சாமி சத்தியமா, புல்லரிச்சுப் போச்சு.)

“ஒவ்வொரு கலருக்கும் தின்னர் ஊத்திக் கழுவணும். உள்ள காய விட்டே, ஊசி செத்துச்சு,” என்றார் மச்சான்.

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அப்போது கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணியார் ஓய்வு பெறவிருந்தார். அவர் மகள் சரோஜாவைத்தான் எனக்குப் பெண் கேட்டிருந்தோம். “போர்டு எழுதுற பையன், என்னத்தச் சம்பாதிச்சு…” என்று இழுத்துக்கொண்டே இருந்தார். பிரியாவிடை விருந்தில் அவர் முகத்தையே பெரிய படமாக வைத்தால்? மனிதர் உருகிவிட மாட்டாரா?

வரைந்தேன். கண் உயிரோடு பார்த்தது. தினமும் மழிக்கும் அந்த மேலுதடுகூடப் பளபளத்தது. கறுப்பு ஊற்றித் தலைமுடியை வரைந்து முடித்தேன். என் திறமையில் நானே மயங்கி, கிண்ணத்தைக் கழுவாமல் பக்கத்து டீக்கடைக்குத் தே தாரேக் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து புருவத்துக்காக அழுத்தினால், காற்று மட்டும் வந்தது. தையல் மெஷின் இறுகினால் அக்கா தேங்காய் எண்ணெய் விடுவாள். வெண்ணெய் மாதிரி ஓடும். அதே வைத்தியம் செய்தேன். ஏர்பிரஷ் ஒருமுறை இருமிவிட்டு, கிராணியாரின் மூக்குக்குக் கீழே கறுப்பாகத் துப்பியது.

துடைத்தேன், ஒரு பக்கமாகத் தீற்றிக்கொண்டது. மேலே தோல் நிறம் அடித்தேன்; எண்ணெய்ப் பிசுக்கில் சாயம் ஒட்டாமல் விலகி ஓடியது. விடிந்தால் விருந்து. எழுத்து எழுதும் பிரஷ்ஷில் கெட்டிக் கறுப்பைத் தொட்டு எடுத்தேன். இந்தப் பக்கத்துக்கு ஈடாக அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துக்கு ஈடாக இந்தப் பக்கம். கடைசியில் அய்யனார் சாமியே பொறாமைப்படும் மீசை.

தோட்டத்து மண்டபத்தில் துணியை விலக்கினார்கள். சனம் படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது.

பின்வரிசையில் ஒரு பால்மரத் தொழிலாளி சொன்னார்: “கிராணியாரே, இந்த மீசை முன்னாடியே இருந்திருந்தா துரையே உங்களுக்குப் பயந்திருப்பாரு லா.”

கிராணியார் சிரிக்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய் நின்றார். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். என் கல்யாணம் வாசல் வழியாக வெளியே போவது எனக்குத் தெரிந்தது.

“கண்ணு என்னையே பாக்குது லா,” என்றார் மெதுவாக. “எப்படி செஞ்சீங்க?”

“ஏர்பிரஷ், மாமா.”

“மீசை?”

“அது… தேங்காய் எண்ணெய், மாமா.”

வெறும் மேலுதட்டை விரலால் தடவிப் பார்த்தார். “சரி. தையில கல்யாணத்த வச்சுக்கலாம். அதுக்குள்ள வளந்துரும்.”

வளர்ந்தது. மணமேடையில் என் மீசையைவிடப் பெரிதாக இருந்தது. பத்து வருஷத்தில் அவருக்குத் தலையெல்லாம் வெள்ளை. மீசைக்கு மட்டும் படத்துக்குப் பொருத்தமாகக் கறுப்பு மை. என் பிள்ளைகள் கேட்டால் முறுக்கிக்கொண்டே சொல்வார்:

“எல்லார் வீட்லயும் பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளைக்குச் சீர் செய்வான். இது உங்கப்பன் எனக்குச் செஞ்ச சீர் லா.”