ரிவர்ஸில் நிற்கும் டேங்க்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் நானும் அப்படியே தொடங்கிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

அப்பா பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீங்கள் ஒரு பெட்டி கொடுத்தீர்கள். மேலே டேங்க் படம், உள்ளே எண்ணி மாளாத பிளாஸ்டிக் துண்டுகள். "சும்மா உக்காந்தா உடம்பு கெட்டுடும்ணே, இத ஒட்டிக்கிட்டு இரு" என்றீர்கள். உங்கள் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை, அப்பாவின் உடம்பும் நன்றாகவே இருக்கிறது. சாப்பாட்டு மேசைதான் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அம்மாவின் முள்வாங்கி, என் நகவெட்டி, பழைய பல் துலக்கும் பிரஷ் எல்லாம் டேங்க் வேலைக்குப் போய்விட்டன. சண்டைக்குப் போய்வந்த டேங்க் மாதிரி தெரிய வேண்டும் என்று அப்பா அதன்மேல் பொடி தூவுகிறார். அம்மா துடைக்கத் துணியோடு போனால், "தொடாத, அது தூசி இல்ல, நான் போட்டது" என்று பதறுகிறார். "வீட்ல இருக்குற தூசி பத்தாதுன்னு இவரு கடையில வாங்கிட்டு வந்து தூவுறாரு" என்கிறார் அம்மா. இதெல்லாம் பழகிவிட்டது. நான் எழுத வந்தது வேறு.

இப்படி மாடல் செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் ஒருமுறை நூலக மாடியில் கூடுவார்கள். ஆளுக்கொரு டேங்கை மேசையில் வைப்பார்கள், மற்றவர்கள் சுற்றி நின்று குறை சொல்வார்கள். கூடுவதே அதற்குத்தான். முதலில் நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு "ஆனா" என்று ஆரம்பிப்பது அங்கே முறை. டேங்கைக் கொண்டுவந்தவர், தன் பஸ்ஸுக்காக நிற்கிறவர் மற்ற பஸ்களைப் போகவிடுவதுபோல, அந்த இரண்டு வார்த்தையையும் போகவிட்டு "ஆனா"வுக்காகக் காத்திருப்பார். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை டேங்கின் அடிவயிற்றில் விட்டுப் பார்ப்பார். சில சமயம் பழக்கத்தில் "வலிக்குதா?" என்று கேட்டுவிடுவார். யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் டேங்கைக் கொண்டுவந்தவருக்கு உண்மையிலேயே வலிக்கும். இந்தக் கூட்டத்தில் நான் எப்படி வந்து மாட்டினேன் என்றால், நம் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான், மருந்துச் சீட்டு முதல் மிக்ஸியோடு வரும் புத்தகம் வரை எல்லாம் என்னிடம்தான் வரும், டேங்கும் அப்படியே வந்தது. "எம் பொண்ணு படிச்சவ, சொல்றதையெல்லாம் எழுதிக்குவா" என்று அப்பா சங்கத்தில் சொல்லிவிட்டார். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுவதுதானே என்று ஒப்புக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு வெல்டர் மாமாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்பாவுக்கு இருக்கும் ஒரே சிநேகிதர். அப்பா ஒட்டுவதைப் பார்த்து அவரும் அதே பெட்டியை வாங்கினார். தினமும் காலையில் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "டிரைவரே, பீரங்கி கோணலா இருக்கு" என்பார். "உன் கண்ணு கோணல்யா" என்பார் அப்பா. இருவருக்கும் பொழுது அப்படித்தான் விடியும். பஸ் நிலையத்துக்கு எதிரே பூங்காவில் ஒரு நிஜ டேங்க் மேடையில் நிற்கிறது அல்லவா, அது அவர்கள் ஒட்டிய அதே ரகம். பட்டாளத்திலிருந்து பகுதி பகுதியாக வந்த அதற்குச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை மாட்டி நிறுத்திவைத்தது வெல்டர் மாமாதான். அவர் வீட்டில் கல்யாணப் படத்தைவிட அந்த டேங்க் முன்னால் அவர் நிற்கும் படம் பெரியது. அப்பா பெட்டியில் வந்த செய்முறைத் தாளை என்னைப் படிக்கச் சொல்லி அதன்படி செய்தார். மாமாவோ தாளை ஓரம் வைத்துவிட்டுப் பூங்காவுக்கே போய்ப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

போன கூட்டத்தில் இரண்டு டேங்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அப்பாவுடையதுதான் அன்றைக்குச் சிறந்தது என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்க, ஒரு நாளும் வாயத் தொறக்கறதில்லையே. இந்த ரெண்டாவது டேங்க் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பட்டையில இருக்குற வரி அம்பு மாதிரி முன்பக்கம் பாக்கணும். இதுல பின்பக்கம் பாக்குது" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சங்கத்தில் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"நேர்ல இருக்கறதப் பாத்துச் செஞ்சதும்மா. வாங்க எல்லாரும், காட்டுறேன்" என்றார் மாமா.

சங்கமே கிளம்பியது. நடுத்தர வயது ஆண்கள் சேர்ந்து இரண்டு பொம்மை டேங்குகளைப் பிள்ளையைப்போல ஏந்திக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள். நான் கொஞ்சம் பின்தங்கி, யாரோ மாதிரி வந்தேன். பூங்காவில் நிஜ டேங்கைப் பார்த்ததும் டாக்டருக்கு ஆசையை அடக்க முடியவில்லை. தன் சின்னக் கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டார். "மொத்தத்துல நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா பெயிண்ட் பளபளன்னு இருக்கு, நிஜ டேங்க் இப்படி இருக்காது. துருவும் ஓவர், நம்புற மாதிரி இல்ல. ஆறுதல் பரிசு வேணும்னா குடுக்கலாம்" என்றார். அதற்குள் மற்றவர்கள் பட்டையைப் பார்த்துவிட்டார்கள். வரி பின்பக்கம்தான் பார்த்தது. ராட்சத அளவில் பார்த்தது. அப்போது அப்பா, ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர், "அப்ப இத்தனை வருஷமா இந்த வண்டி ரிவர்ஸ்லயே நிக்குதுன்னு சொல்லு" என்றார். பூங்காக் காவலாளிகூடச் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னார். தன் டேங்கைக் குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ஜன்னலில் மாமாவின் தலை தெரிவதில்லை. குறை சொல்ல ஆளில்லாமல் அப்பா வாடிப்போய்விட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்கிறார். "நல்லாருக்குப்பா" என்றால் முகம் விழுந்துவிடுகிறது. "நல்லாருக்குன்னு சொல்ல உங்கம்மா போதாதா? நீ எதுக்குப் படிச்ச?" என்கிறார். "நான் எப்பங்க நல்லாருக்குன்னு சொன்னேன்?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்கிறார்.

இந்த வாரம் வெல்டர் அத்தை என் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "மாமா சரியா சாப்பிடறதில்லம்மா, அந்தப் போட்டோவைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டாரு. பூங்காவுல பட்டையக் கழட்டித் திருப்பி மாட்டணும்னு நிக்கிறாரு. நீதான் ஒரு மனு எழுதணும். உங்கப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து தெளிவாக இருக்கிறது என்று பூங்கா அதிகாரி உடனே அனுமதி கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கிரேன் வருகிறது. ஒரு பக்கத்துப் பட்டையே லாரி கனம் கனக்குமாம், மாமாவுக்கோ கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். இந்தக் கவலையோடு வீட்டுக்கு வந்தால், அப்பா கதவைச் சாத்திக்கொண்டு, சிறந்தது என்று பேர் வாங்கிய தன் டேங்கின் பட்டைகளைப் பிய்த்தெடுத்துப் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா பண்றீங்க?"

"அடுத்த கூட்டத்துல இத வெக்கப் போறேன். ஒருத்தன் மட்டும் தப்பு பண்ணாதானே அவமானம். வெளிய சொல்லாத."

"நேரா போய், தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லலாமேப்பா?"

"அதெல்லாம் எங்களுக்குள்ள பழக்கமில்ல."

இப்போது நிலைமை புரிந்திருக்கும். திங்கட்கிழமை மாமா பூங்கா டேங்கைச் சரியாக்கிவிடுவார். அதற்கப்புறம் கூட்டத்தில் அப்பா மட்டும் தப்பான டேங்கோடு நிற்பார். அதைப் பார்த்து மாமா, தன்னைக் கேலி செய்யத்தான் இதுவும் என்று நினைப்பார். அத்தோடு அந்தச் சிநேகம் முடிந்தது. இருவர் ரகசியமும் என்னிடம் இருக்கிறது, சொல்லமாட்டேன் என்று இருவருக்கும் தலையாட்டியிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது சித்தப்பா. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுங்கள். போகும்போது பெட்டி, பெயிண்ட், பசை, தூசி எல்லாவற்றையும் தயவுசெய்து எடுத்துப் போய்விடுங்கள்.

அம்மா உங்களை விசாரித்தார். சித்தியின் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குழந்தைகளுக்கு என் அன்பு, பெரியவர்களுக்கு என் பணிவு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையில் போடப்போனபோது ஜன்னலில் மாமாவின் குரல் கேட்டது. பசை காயட்டும் என்று அப்பா டேங்கை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். மாமா அதை ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார். "டிரைவரே, தப்பையாவது ஒழுங்கா செய்யத் தெரியுதா உனக்கு? நான் மாட்டினது திருப்பி மாட்டினதுதான். அதுக்காக இப்படியா அவுந்த நாடா மாதிரி தொங்குச்சு?" என்றார். "வாய் பேசாத, உள்ள வந்து நீயே மாட்டு" என்றார் அப்பா. இப்போது இருவரும் சாப்பாட்டு மேசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் வர வேண்டாம். பெட்டியும் இருக்கட்டும், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் பாக்கி. பூங்கா டேங்கை இனி யாரும் திருப்பக் கூடாதாம், திருப்பினால் இவர்களுடைய இரண்டும் தப்பாகிவிடுமாம். கிரேனை நிறுத்தச் சொல்லி அதே அதிகாரிக்கு நானே இன்னொரு மனு எழுத வேண்டும். "காரணம் என்னன்னு எழுதறது?" என்று கேட்டேன். "நீதானே படிச்சவ" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். உங்களுக்கு ஏதாவது காரணம் தோன்றினால் உடனே எழுதவும்.