திகதி போடாத அஞ்சலி

நெல்லியடிச் சந்தைப் பக்கத்தில் அஞ்சலி அண்ணையைப் போல இத்தனை மரணங்களைத் தாங்கிய மனிதர் வேறு எவரும் இல்லை. ஆறு வருடத்தில் பதினொரு கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைத் தன் கடை வாசலில் கட்டியிருக்கிறார். பதினொன்றிலும் செத்தது மனிதர் அல்ல, கணினி விளையாட்டுகள். அதனால்தான் சந்தை அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. சொந்தப் பெயர் இப்போது அவருக்கே மறந்திருக்கும்.

அவருடையது கைத்தொலைபேசியும் கணினியும் திருத்தும் கடை. பக்கத்தில் என்னுடையது, மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு உறை தைக்கிற கடை. நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் சத்தமில்லாமல் மூச்சுக்கூட விடமாட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாடிக்கையாளரிடம் சீற்றின் அளவைத் தவிர வேறொன்றும் கேட்க மாட்டேன். அதனால் நல்ல அயலவர்களாக இருந்தோம். அவர் கதைப்பார், நான் தைப்பேன்.

பின்னேரங்களில் வேலை குறைந்தால் கேம் விளையாடுவார். விளையாடுவதை வீடியோவாக எடுத்து, திட்டித் திட்டி இணையத்தில் போடுவார். இப்போது வருகிற கேம் எதுவும் முழுதாக வருவதில்லையாம். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினால் கதாநாயகனின் தலை கழுத்துக்குள் இறங்கியிருக்கும். குதிரை பாதி சுவருக்குள் நிற்கும். அப்டேட் வரும், எல்லாம் சரியாகும் என்று கம்பனி சொல்லும்.

"தம்பி, சீற்றுக்கு ஒரு பக்கம் தைக்காமல் குடுத்திட்டு, ஓடு, மிச்சத்தைப் பிறகு தைக்கிறன் எண்டு நீ சொல்லுவியே?" என்று பலகைக்கு அப்பாலிருந்து கேட்பார்.

நான் இல்லை என்று தலையாட்டுவேன். பலகை வழியாக அது அவருக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

முதல் பதாகை ஒரு போர் கேமுக்கு. நடுவில் வீரனின் படம், படத்துக்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோற்றத்துக்கும் மறைவுக்கும் ஒரே திகதி. காலையில் அதைப் பார்த்துவிட்டு மரக்கறி விற்கும் பாக்கியம் அக்கா வாசலில் நின்று அழுதார்.

"பிறந்த அண்டைக்கே போட்டுதே தம்பி?"

"ஓம் அக்கா. காலமை வந்தது. பின்னேரம் மூச்சில்லை."

"படத்திலை தாடியோடை நிக்குது?"

அண்ணை பதாகையைத் திரும்பிப் பார்த்தார். "வெளிநாட்டுப் பிள்ளை அக்கா."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பாக்கியம் அக்கா மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். அண்ணை மறுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் சாப்பாடு வரும் என்று எதிர்பார்த்தார். எட்டாம் நாள் யாரோ அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

கேமைவிட அவரை அதிகம் தின்றது கொப்பிரைட். வீடியோவில் பிறருடைய பாட்டு கேட்டால், பாட்டுக்காரர் உரிமை கோரலாம். நியாயம்தான். ஆனால் பாட்டைக் கண்டுபிடிப்பது மனிதர் அல்ல, ஒரு மெசின். அவருடைய கடை மின்விசிறி கிறீச்சிட்டதை ஏதோ நாட்டு வாத்தியம் என்று அது பிடித்தது. அண்ணை "கனம் ஐயா அவர்கட்கு" என்று தொடங்கி, விசிறி எங்கே வாங்கியது, எந்த வருடம் எண்ணெய் விட்டது என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். ஒரு நிமிடத்தில் மறுமொழி வந்தது: ஏற்கப்படவில்லை.

"எழுத எனக்கு ரெண்டு மணித்தியாலம். ஒரு நிமிசத்திலை வாசிச்சு முடிச்சவன் எந்தப் பள்ளிக்கூடம், தம்பி?"

இப்படி இரண்டு வழக்குகளில் தோற்றார். மூன்றாவதிலும் தோற்றால் அவர் போட்ட அத்தனை வீடியோவையும் அழித்துவிடுவார்கள் என்பது அந்த வீடியோத் தளத்தின் விதி.

அவருடைய சொந்த ஊர் தொண்டைமானாறு. தம்பி நேசன் கடற்றொழில் செய்தான். நேசனைப் பிடிப்பது கஷ்டம். கடலில் இருப்பான், கரைக்கு வந்தால் நித்திரையில் இருப்பான். ஊர்க் கோயில் தேரன்று மட்டும் ஒரு படகும் கடலில் இறங்காது. அப்படியொரு தேர் நாளில், தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்த பிறகு, அண்ணையும் தம்பியும் வீட்டில் புதிதாக வந்த மீன்பிடி கேம் ஒன்றை விளையாடினார்கள். அது வீடியோவானது. கோயில் ஒலிபெருக்கியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பக்திப் பாட்டு. கேமில் படகு இருந்தது, வலை இருந்தது. கடலில் தண்ணீர் வரவில்லை.

"அண்ணை, தண்ணி எங்கை?"

"அதுதான் இல்லை. அப்டேட் வருமாம்."

"தண்ணி இல்லாத கடலை உனக்கு வித்துப்போட்டாங்களே?" நேசன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது.

"உதுக்கும் ஒரு பதாகை அடிக்கப் போறன்."

"விடண்ணை. அவங்கள் கடலைத் திருத்தட்டும். நான் பிறகு வாறன்."

அந்த வருட வாடைக்காற்றுக் காலத்தில் நேசனின் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. நேசன் வரவில்லை. நாற்பது நாள் தேடினார்கள். பிறகு சொந்தக்காரர்கள் பதாகைக்காக அண்ணையிடம் வந்தார்கள். ஊரில் அவரைவிட அனுபவசாலி யார்?

"ஆளைக் காணேல்லை," என்றார் அண்ணை. "மறைவு எண்டு எந்தத் திகதியைப் போடச் சொல்லுறியள்?"

வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

அதன் பிறகு தினமும் நாலு மணிக்கு அந்த வீடியோவைப் போடுவார். எட்டு நிமிடம். பலகை வழியாகக் கேட்டுக் கேட்டு, எந்தத் தையலில் நேசன் சிரிப்பான் என்பது எனக்குப் பாடமாகிவிட்டது.

போன ஆவணியில் அந்தப் பக்திப் பாட்டுக்கு ஒரு நிறுவனம் உரிமை கோரியது. தளம் அண்ணைக்கு இரண்டு வழி காட்டியது. எதிர்த்து வழக்காடலாம், தோற்றால் எல்லாம் அழியும். அல்லது ஒரு பொத்தானை அமத்திப் பாட்டை நீக்கலாம், வீடியோ தப்பும்.

அன்று அவர் மனு எழுதவில்லை. நான் அறிய முதல் தடவையாகப் பயந்துபோயிருந்தார்.

"பாட்டை எடுத்துக்கொண்டு போகட்டும் தம்பி. அவன்ரை குரலை விட்டால் காணும்," என்றார். அமத்தினார்.

பாட்டு கேட்ட இடமெல்லாம் சத்தம் போய்விட்டது. பாட்டு எட்டு நிமிடமும் கேட்டிருந்தது. திருப்பி எடுக்க வழியில்லை. அந்த வீடியோவை முதலில் பதிந்த பழைய கணினியை அவரே எப்போதோ கழற்றி, பாகம் பாகமாக வாடிக்கையாளர்களின் கணினிகளுக்குப் பூட்டிவிட்டிருந்தார். வீடியோதான் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே என்ற எண்ணம். ஊர் முழுவதற்கும் பொருள் திருத்திக் கொடுத்த மனிதர்.

அடுத்த நாள் நாலு மணிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு அவருடைய குரல் மெதுவாகக் கேட்டது.

"அதுதான் இல்லை. அப்டேட் வருமாம்."

ஊமை வீடியோவைப் பார்த்தபடி தன் பங்கை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நேசனுக்கு இடம் விட்டு, அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார்.

"உதுக்கும் ஒரு பதாகை அடிக்கப் போறன்," என்றார்.

அடுத்தது நேசனின் முறை. நான் தையல் மெசினை நிறுத்தினேன்.

"விடண்ணை," என்றேன் பலகையைப் பார்த்து. "அவங்கள் கடலைத் திருத்தட்டும். நான் பிறகு வாறன்."

அங்கே கதிரை கிறீச்சிட்டது. "ஓம்," என்றார். "வா."

அந்தக் கடலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. நாலு மணிக்கு நான் யாருக்கும் சீற்றுத் தைப்பதில்லை.