மேல்மலையனூர் குங்குமமும் டேப்பு அக்காவின் தோப்பும்

செஞ்சியில் இன்னும் அளக்கப்படாமல் மிச்சமிருப்பது ராஜகிரி மலை ஒன்றுதான். மற்றதை எல்லாம் டேப்பு அக்கா அளந்து முடித்துவிட்டார். மலையை விட்டுவைத்திருப்பதற்குப் பெருந்தன்மை காரணமில்லை, முட்டிவலி.

அக்காவுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைவீதியில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர் அவர். மகாகனி மரத்தோப்பைக் கணவர் வாங்கும்போதே அக்கா பெயரில்தான் பதிந்தார். அவர் காலமான பிறகு அக்கா தையல் மெஷினை விற்றுவிட்டுத் தோப்புக்குப் போனார். கழுத்தில் தொங்கிய டேப்பை மட்டும் கழற்றவில்லை.

அதன்பின் ஊரில் எந்த மரத்துக்கும் நிம்மதி இல்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் கத்தினார்.

“ஏறுக்கா! மரம் எங்கயும் போவாது!”

“ரோடு போடறப்ப எதிர்ல இருந்தது போய்டுச்சேப்பா!”

கண்டக்டர் விசிலை ஊதினார்.

நான் அக்காவை முதன்முதலில் பார்த்தது மரம் வளர்ப்போருக்கான ஒரு பயிற்சிக் கூட்டத்தில். என் நைனா எனக்குக் கொஞ்சம் மரமும், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத மண்டையும் விட்டுப் போயிருந்தார். ஆண்களுக்கு முன்வரிசை, பெண்கள் எங்களுக்குச் சுவர் ஓரம். பேச வந்தவர் அக்காவைப் பார்த்து, “வீட்டுக்காரர் வரலியாம்மா?” என்று கேட்டார்.

“மரம் எம் பேருல இருக்குது சார். அவரு மேல போய்ட்டாரு. அங்க ஒரு கூட்டம் போட்டீங்கன்னா கண்டிப்பா வருவாரு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவின் தோப்பில் அக்காவின் வகுப்பு தொடங்கியது. மரம் வைத்திருக்கும் பெண்களுக்கு மட்டும். சாப்பாடு அவரவர் டப்பாவில். பாடமெல்லாம் தையல் பாஷையில்.

“ஜாக்கெட்டு அக்குள்ல புடிச்சா கைய தூக்க முடியுமா? மரமும் அப்டித்தான். நெருக்கத்துல இருக்கிற கோணல எடுத்து வுடு, நேரா இருக்கிறது பெருக்கும். எப்ப வெட்டணும்னு டேப்பு சொல்லணும். மச்சினன் சொல்லக்கூடாது.”

சுற்றளவை நெஞ்சு உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். எங்களில் மேரி ரொம்பக் குள்ளம்.

“யாரு நெஞ்சு உயரத்துக்கா?” என்றாள் மேரி.

“என் நெஞ்சுக்குடி. உன் நெஞ்சுக்கு எடுத்தா எல்லா மரமும் அடிப்பெருத்துத்தான் இருக்கும்!”

மூன்றாவது பாடத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். தோப்பு முனையில் ஒரு கோணல் வேம்பு இருந்தது. பக்கத்து மகாகனி மேலேயே சாய்ந்து நின்றது. அதில் வைத்துக் காட்டலாம் என்றால் பெயின்ட் டப்பா காய்ந்து கிடக்கிறது. நான் அன்று மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்திருந்தேன். கையில் குங்குமப் பொட்டலம்.

“சிவப்புதானே? குடு இங்க,” என்று அக்கா தண்ணீரில் குழைத்து, தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று உள்ளங்கை அகலத்துக்கு வேம்பில் அப்பினார்.

மறுநாள் வெட்ட வந்த ஆட்கள் வேப்ப மரத்தையும் குங்குமத்தையும் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மரத்துக்கு மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழ மாலையும் வந்துவிட்டன.

“வெட்ட சொல்லி வெச்ச பொட்டுடி அது!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “நேரா நிக்கிறத ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. கோணலுக்குத்தான் இந்த ஊர்ல மரியாத.”

எங்கள் சிரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்போடு நின்றது. அக்காவின் கொழுந்தனார் லாரியோடும் மெஷின் ரம்பத்தோடும் மர வியாபாரியைக் கூட்டிவந்து இறக்கினார்.

“பொம்பள தனியா தோப்பு வெச்சிகினு இன்னா பண்ணப்போறீங்க அண்ணி? மொத்தமா வெட்டிட்டு பிளாட்டு போட்ருவோம். நான் பேசி முடிச்சிட்டேன்.”

மொத்தத் தோப்பும் அன்று சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். நான் பையிலிருந்து குங்கும டப்பாவை எடுத்தேன்.

“அக்கா, எல்லா மரத்துக்கும் அப்பிடலாமா? ஒருத்தனும் கை வெக்க மாட்டான்.”

“உள்ள வைடி அத. பொட்டு வெச்சா மரம் தப்பிக்கும், நான் தப்பிக்க மாட்டேன். நாளைக்கே கோயில் கமிட்டி வரும், உண்டியல் வரும், இவரு தலைவரு ஆவாரு. எனக்கு வருசத்துக்கு ஒருவாட்டி பொங்கல் வெக்கிற வேலைய குடுப்பாங்க. இது என் தோப்பு. என் தோப்பாவே இருக்கட்டும்.”

வியாபாரி செருமினார். “வீட்ல ஆம்பளைங்க யாரும்மா பேசறது?”

“ஆம்பள இதோ நிக்கிறாருப்பா. ஆனா பட்டா எம் பேருல இருக்குது. அவருகிட்ட வெல பேசினா அவரத்தான் வெட்டி ஏத்தினு போவணும்.”

ரம்பக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அக்கா டேப்பை உருவிக்கொண்டு நடந்தார். “வா இப்டி. புது பெயின்ட்ல புள்ளி வெச்சது எல்லாம் எடுத்து வுட வேண்டியது. அத வெட்டிக்க. மத்தது இன்னும் பெருக்கணும். பெருத்தப்புறம் நானே கூப்புடுவேன்.”

வியாபாரி வியாபாரம் தெரிந்தவர். தோப்பு யாருடையது என்று புரிந்ததும் கொழுந்தனாரை மறந்துவிட்டு, “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று அக்கா பின்னாலேயே போனார். அன்றைய வகுப்பே அதுதான். விலை பேசுவது எப்படி என்று நாங்கள் கூடவே நடந்து கற்றுக்கொண்டோம். போன மாதம் என் மரத்துக்கு நானே பேசினேன். குரல் நடுங்கவில்லை.

இப்போது அக்காவின் முட்டிக்குப் பாண்டிச்சேரியில் ஆபரேஷன். டேப்பையும் கொண்டுபோயிருக்கிறார். கட்டிலை அளந்து, நீளம் போதாது என்று நர்சிடம் சண்டை போட்டதாக மேரி போனில் சொன்னாள்.

ஆபரேஷன் அன்று காலை நான் தோப்புக்குப் போனேன். அக்காவின் குரல் இல்லாத தோப்பில் என்னால் நிற்கவே முடியவில்லை. கோணல் வேம்பின் முன்னால் செருப்பைக் கழற்றினேன், கற்பூரம் ஏற்றினேன். “தாயே, அக்காவுக்கு முட்டி சரியாகணும், அந்த ராஜகிரியையும் அளந்துட்டு வந்துடட்டும்” என்று வேண்டிக்கொண்டேன். தெரிந்தால் கத்துவார். அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.