சீக்கிரம் முடிந்தால் பீச்

வேலை ஒண்ணே ஒண்ணுதான். மக சுமதியைக் கடலூர் காலேஜ் இன்டர்வியூவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வரணும். காலையில பதினோரு மணிக்கு இன்டர்வியூ.

நெய்வேலியிலிருந்து கடலூர் என்ன சீமையா? வடலூர் வழியா பஸ் ஏறினா நேரா போய் எறங்கிடலாம். யாரா இருந்தாலும் அப்படித்தான் போவாங்க.

நான் அப்படிப் போவேனா! மைன்ஸ்ல ப்ளானிங் செக்‌ஷன் ஆச்சே. எந்த மெஷின் எந்த ஷிஃப்ட்ல எங்கே நிக்கணும்னு சார்ட் போடற ஆளு. வீட்டுல மாவு அரைக்கறதுக்குக் கூட சார்ட் போட்டு, சம்சாரம்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

இது நடந்தது எண்பதுகள்ல. எங்களுக்குச் சொந்த ஊரு தென்காசிப் பக்கம். லீவு விட்டா ஊருக்கு ஓடுவோமே தவிர, குவார்ட்டர்ஸைச் சுத்தி என்ன இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. அதனால, "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா! டாக்ஸி வச்சுப் பண்ருட்டி வழியா சுத்திப் போவோம். கோயில் பாத்த மாதிரியும் ஆச்சு, நல்லதா நாலு சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு"ன்னேன்.

சம்சாரம் பாக்கியம் கேட்டா: "ஏங்க, புள்ள சீட்டு வாங்கப் போறாளா, டூர் போறாளா?"

சுமதி கெமிஸ்ட்ரி புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தா. அவளுக்கு கெமிஸ்ட்ரின்னா உசுரு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வெயிட்டிங் லிஸ்ட்ல பேரு வந்திருந்தது. பாக்கி இருக்கறது ஒரே சீட்டு. அதுக்கு மூணு பொண்ணுங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. கிடைக்கலைன்னா டைப்ரைட்டிங் கிளாஸ்தான்னு அவ அம்மா முடிவு பண்ணியாச்சு.

நான் உக்காந்து நிகழ்ச்சி நிரல் எழுதினேன். அடிக்கோடு போட்டு, நம்பர் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு! எழுதினதை சுமதியோட சர்டிபிகேட் ஃபைல்லயே வச்சேன். முக்கியமான பேப்பரெல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்ங்கறது எங்க செக்‌ஷன் வழக்கம்.

காலையில ஆறு மணிக்கு டாக்ஸி வந்தது. டிரைவர் கலியபெருமாள், வளையமாதேவிக்காரரு.

"இன்னா சாரு, பண்ருட்டி மேலயா? தலையைச் சுத்தி மூக்கைத் தொடற வழியாச்சேங்க! வடலூரு மேல போனா சட்டுனு போயிக்கினே இருக்கலாமே?"

"ப்ரோகிராம்ல பண்ருட்டிதான் போட்டிருக்கு" அப்படின்னேன்.

"ப்ரோகிராமு போட்டது யாருங்க?"

"நான்தான்."

அதுக்கப்புறம் அந்த மனுஷன் எங்கிட்ட வழியைப் பத்திப் பேசவே இல்ல.

முதல்ல திருவதிகை. வயித்துவலி தீர்ற கோயில்னு பேரு. கும்பிட்டுட்டு வந்த கையோட பண்ருட்டியில எட்டு இட்லி, ரெண்டு வடை, ஒரு பூரி செட்டு உள்ளே தள்ளி, சாமிக்கு வேலை வச்சேன்.

அடுத்தது பலாப்பழம். ரோட்டோரம் மலை மாதிரி குவிச்சு வச்சிருக்காங்க. நான் ஒவ்வொண்ணாத் தட்டிப் பாக்கறேன். தட்டினா என்ன சத்தம் வரணும்னு எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் தட்டினேன்.

பழக்காரரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "சாரு, கதவைத் தட்டற மாதிரி தட்டிக்கினே இருக்கீங்களே, உள்ளேர்ந்து யாரும் வர மாட்டாங்க"ன்னாரு.

"அப்ப வெட்டிக் காட்டுங்க!"

வெட்டினாரு. "கையில எண்ணெ தடவிக்கினு தொடுங்க சாரு. பாலு புடிச்சிக்கும்."

"நாங்கெல்லாம் மைன்ஸ்ல க்ரீஸையே கையால அள்ளற ஆளுங்க!" அப்படின்னேன். நான் க்ரீஸை ஆபீஸ் ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன். அது அவருக்குத் தெரியாதே!

பாதிப் பழத்தைத் தூக்கினேன். சுளை எடுத்தேன். தேன்! நாலு தின்னேன், ஆறு தின்னேன். அப்பத்தான் பின்னாலேர்ந்து பாக்கியம், "மணி பத்து ஆச்சுங்க!"ன்னு கத்தினா.

பதறிப்போய் ஃபைலைத் திறந்து நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாத்தேன். ஒரு மணி நேரம் லேட்டு. பேப்பரைத் திரும்ப உள்ளே வைக்கப் போனா, கையை விட்டு வர மாட்டேங்குது! உதறிப் பாத்தேன். இழுத்தேன். கடைசில ஃபைலுக்குள்ள விட்டு அமுக்கித் தேய்ச்சு ஒரு வழியா கையை விடுவிச்சேன். பழக்காரரு சிரிச்சுக்கிட்டே எண்ணெய் கொடுத்தாரு. கையைக் கழுவிட்டு வந்து, அவசரத்துல ஃபைல் மேலேயே உக்காந்துட்டேன்.

நெல்லிக்குப்பத்துல ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எல்லாரும் நகத்தைக் கடிச்சாங்க. நான் கரும்புச்சாறு குடிச்சேன். ப்ரோகிராம்ல இருக்கே!

காலேஜ் வாசல்ல எறங்கறப்ப மணி பதினொண்ணு அடிக்கப் பத்து நிமிஷம். ஓடினோம்.

பிரின்சிபால் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேல பாக்கற ஆளு. சுமதி உக்காந்தா, நாங்க ரெண்டு பேரும் பின்னால நின்னோம். ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை வாங்கினாங்க, பாத்தாங்க, திருப்பினாங்க. அவங்க முகம் மாறிப் போச்சு.

"இது என்ன?"

மார்க் ஷீட்டுக்குப் பின்பக்கம் என்னோட நிகழ்ச்சி நிரல்! பலாப்பால்ல ஒட்டி, நான் மேல உக்காந்து உக்காந்து, இஸ்திரி போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு.

அவங்க சத்தமாவே படிச்சாங்க. "ஏழரை மணி, இட்லி, வடை, தேவைப்பட்டால் பூரி. எட்டேகால், பலாப்பழம் தீர விசாரித்து வாங்குதல். பதினொன்று முதல் பதினொன்றேகால் வரை காலேஜ். அடைப்புக்குறிக்குள்ள, சீக்கிரம் முடிந்தால் பீச். பன்னிரண்டு மணி, வஞ்சிரம் மீன் சாப்பாடு. இல்லையெனில் சங்கரா."

கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தாங்க. "காலேஜுக்குப் பதினஞ்சு நிமிஷம். பலாப்பழத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?"

"முக்கால் மணி நேரம் மேடம்."

பூமி பொளந்து என்னை முழுங்கிடக் கூடாதான்னு இருந்தது. மூணு ஷிஃப்டும் பூமியைப் பொளக்கற ஊர்ல வேலை பாக்கறேன், எனக்கு வேணும்கறப்ப ஒரு குழி கிடைக்கல! பாக்கியம் என்னைப் பாத்த பார்வையில பலாப்பாலே உருகியிருக்கும். சுமதிக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. வாயைக் கட்டத் தெரியாம புள்ள படிப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா பாவின்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

"மேடம், ஒரு நிமிஷம்! கொஞ்சம் தண்ணி தொட்டுத் துடைச்சா..."

"தண்ணியில போகாதுப்பா!" சுமதி அழுகையோட கத்தினா.

பிரின்சிபால் நிமிந்தாங்க. "ஏன் போகாது?"

"பலாப்பால் தண்ணியில கரையாது மேடம். எண்ணெய், மண்ணெண்ணெய் இதுலதான் கரையும். ஒரே மாதிரி குணம் உள்ளதுதான் ஒண்ணுல ஒண்ணு கரையும்."

"அப்ப எண்ணெய் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம். பாலோட சேந்து மையும் கரைஞ்சாலும் கரைஞ்சுடும். முன்பக்கம் சுத்தமா இருக்கு. அப்படியே விட்டுடறதுதான் நல்லது."

"இதெல்லாம் வீட்டுல சொல்லிக் கொடுத்தாங்களா?"

சுமதி திரும்பி என்னை ஒரு தரம் பாத்தா. "இல்ல மேடம். படிச்சேன். எங்கப்பாவுக்கு இது இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

அந்த அம்மா சிரிச்சாங்க பாருங்க, வெளியில நின்ன பியூன் எட்டிப் பாத்தாரு.

ஒரு மணிக்கு லிஸ்ட் ஒட்டினாங்க. சுமதி பேரு! எனக்குத் துள்ளணும் போல இருந்தது. பாக்கியம் பக்கத்துல நின்னதால துள்ளல.

"சாரு, பீச்சுக்கு வுடட்டுங்களா?" கலியபெருமாள் கேட்டாரு.

"வடலூர் வழியா வீட்டுக்கு விடுங்க" அப்படின்னு சொன்னது பாக்கியம்.

மார்க் ஷீட்டைக் காலேஜ்லயே வச்சுக்கிட்டாங்க. மூணு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தப்ப, நிகழ்ச்சி நிரலும் கூடவே பத்திரமா வந்தது, என் கையெழுத்தோட. சுமதி வேலைக்கு அப்ளிகேஷன் போட, நகல்ல சான்றொப்பம் வாங்க ஒரு அதிகாரிகிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். அவரு ஒரிஜினலை வாங்கினாரு, திருப்பினாரு, நிதானமா முழுசும் படிச்சாரு. பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"கடைசியில வஞ்சிரமா, சங்கராவா?"

"வீட்டுல ரசம் சார்."