மூன்றாவது முனியாண்டி

நான் எழுதிய நிரல் செய்ய மறுக்கும் ஒரு முட்டாள்தனத்தை, நானே என் கையால் செய்திருக்கிறேன். அதுவும் அப்பா சாகக் கிடந்த நேரத்தில்.

முதலில் என் பிழைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈப்போவில் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கம்பைலர் எழுதுகிறேன். (அக்கம்பக்கத்தில் அம்மா, “மகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றான்” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.) மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், தேடியது கிடைத்ததும் நின்றுவிடும் சுற்றுகள் நிரல்களில் ஏராளம். அவற்றை எட்டெட்டாகப் பார்க்க வைத்தால் வேகம் கூடும். ஆனால் தேடியது மூன்றாவது இடத்திலேயே கிடைத்துவிட்டால், மீதி ஐந்தின் பக்கம் நாம் போயிருக்கவே கூடாது. சும்மா எட்டிப் பார்த்திருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. அங்கே எதையாவது எழுதி வைத்துவிட்டால் போச்சு. அதனால் கம்பைலர் முதலில் எட்டையும் பார்க்கும், எங்கே நிற்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும், பிறகுதான் எதிலும் கை வைக்கும். சந்தேகம் வந்தால் பேசாமல் பழையபடி ஒவ்வொன்றாகவே போகும்.

அந்தச் சந்தேகத்தைச் சோதிக்கும் பகுதியைத்தான் நான் அந்த வாரம் முழுக்க, அப்பாவின் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பா செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் போய் இப்போது அங்கே வரிசை வீடுகள். ஒருநாள் காலை மூச்சு வாங்க வாங்க என்னைக் கூப்பிட்டார்.

“முனியாண்டியப் பாக்கணும்டா. பால் லோரி ஓட்டுனானே, அவன.”

“எதுக்குப்பா?”

“பால் தொட்டிக் குழாயத் தொறந்து போட்டது நான்டா. அம்புட்டுப் பாலும் கொட்டிப் போச்சு. தொரை அவன வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. நான் வாயே தொறக்கல. போறதுக்குள்ள அவங்கிட்டச் சொல்லிரணும்.”

அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பழைய தோட்டத்துக் கோயில் கமிட்டியில் ஆட்களின் பட்டியல் வாங்கினேன். முனியாண்டி என்ற பெயரில் எட்டுப் பேர். பட்டியல் தந்த செயலாளர், தோட்டம் மூடும்போது கைக்குழந்தை. யார் எவர் என்று அவருக்குத் தெரியவில்லை. ‘நீங்கள் லோரி ஓட்டினீர்களா?’ என்று எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால்கூட யாருக்கும் நட்டமில்லை. நான் கேட்கவில்லை. மேதாவி அல்லவா, அப்பா பெயரையும் வார்டையும் சொல்லி எட்டுப் பேருக்கும் ஒரே குரல் பதிவை அனுப்பினேன்.

“அப்பா சீரியஸா இருக்காரு. உங்களப் பாக்கணும்னு அழுவுறாரு. இன்னிக்கே வாங்க.”

சரியான ஆள் வருவார், மற்றவர்கள் தானாக ஒதுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். (சாகப் போகிறவர் உன்னைக் கேட்டு அழுகிறார் என்றால் எந்த மனுஷன் ஒதுங்குவான்?)

மாலையில் வார்டு வாசலில் முனியாண்டிகள் சேர ஆரம்பித்தார்கள். ஒருவர் கையில் ஆரஞ்சுப் பழம், ஒருவர் கையில் திருநீற்றுப் பொட்டலம். சிம்பாங் பூலாய் முனியாண்டி வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்துவிட்டார். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா, “டுவா ஓராங் சாஜா!” என்று இரண்டு விரலைக் காட்டினார். ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான். பெயர் கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் முனியாண்டி என்றதும், தன்னைக் கிண்டல் செய்கிறோம் என்று நினைத்து என்னை முறைத்தார்.

இரண்டிரண்டு பேராக உள்ளே அழைத்துப் போனேன். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “இவன் இல்லடா” என்றார். ஒருவர் விடுவதாக இல்லை.

“நல்லாப் பாருங்கண்ணே, நான்தான்லா முனியாண்டி! திருவுழாவுல ஒண்ணா தீ மிதிச்சோமே!”

“நீ இல்லப்பா. வீணா அலைய வச்சுட்டேன், மன்னிச்சிரு” என்றார் அப்பா.

இப்படி ஏழு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் தவறான முனியாண்டிகளிடம் செலவழித்தார். பார்வை நேரம் முடிந்தது. மிச்சமிருந்த ஒருவர் வரவில்லை என்றே நினைத்தேன். மறுநாள் காலை அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லூமுட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பட்டியலில் மூன்றாவது பெயர் அவருடையது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருந்தால் மூன்றாவது அழைப்போடு நின்றிருப்பேன்.

“அன்னிக்கே வந்தேன் தம்பி. ரெண்டு பஸ் மாறி வார்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். பாத்தா ஏழு முனியாண்டி நிக்கிறாங்க. இத்தன பேருல என்னையாத் தேடப் போறாருன்னு திரும்பிட்டேன்.”

பால் தொட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்லா. நீயும் தங்கச்சியும் பச்சப் புள்ளைங்க, நான் ஒண்டிக்கட்ட. அதான் தொரைகிட்டச் சொல்லல. உங்கப்பா வந்து ஒரு வார்த்த சொல்லுவாருன்னு கொஞ்ச நாள் பாத்தேன். அவ்வளவுதான்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதும் நான் கடைக்குக் கிளம்பினால் தங்கச்சி வாசலில் நின்று கத்துவாள். “அண்ணே, தேங்கா ஒண்ணு போதும்! எட்டு முனியாண்டிய இழுத்துட்டு வந்துராத!” அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்வது?

அப்பாவின் திதிக்கு வருஷா வருஷம் எட்டுப் பேரும் வருகிறார்கள். வர வேண்டாம் என்று யாரிடம் சொல்வது? லூமுட் பஸ் தாமதமானால் சாப்பாடும் தாமதம்தான். அவர் வந்து முதல் இலையில் உட்கார்ந்த பிறகே மற்றவர்களை அழைக்கிறேன், ஒவ்வொருவராக.