அழாத பிள்ளைகளின் காப்பகம்

வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைப் பிரச்சினையைக் கடலூர் மஞ்சக்குப்பத்து ‘மாதர் மழலைச் சபை’ ஒரே மாலையில் தீர்த்துவைத்தது. சந்திரனுக்கு ராக்கெட் விட முடியாமல் பெரிய தேசங்களே திணறிக்கொண்டிருந்த காலம் அது. சபைக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு தட்டு பிஸ்கட்டும் ஒரு தீர்மானமும்தான்.

இந்தச் சாதனையின் முழுப் பலனையும் அனுபவித்தவள் புஷ்பவள்ளி. ஓர் அரசாங்க அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். கணவன் சபாபதி கூட்ஸ் வண்டி கார்டு, விழுப்புரத்தில் வாசம். அவன் மூன்று வயது மகள் ராஜாமணியைப் பெரும்பாலும் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறான். ஆகவே ராஜாமணியும் தினசரி ஆபீசுக்குப் போனாள். மேஜைக்கடியில் உட்கார்ந்து கார்பன் தாளை ருசி பார்த்தாள். ஒருநாள் ஹெட்கிளார்க் சாமிக்கண்ணுவின் வேட்டியின் பின்புறத்தில் ‘அவசரம்’ என்ற முத்திரையைப் பதித்துவிட்டாள். அவர் அதோடு ஜில்லா அதிகாரி வரைக்கும் போய்வந்தார்.

“ஏம்மா, எனக்குந்தான் புள்ளைங்க இருக்கு. தூக்கிக்கினா வர்றேன்?” என்றார்.

“வீட்டுல அவுங்க அம்மா இருக்காங்க சார்.”

“அதத்தான் நானும் சொல்றேன். திங்கக்கெழம புள்ளையோட வந்தா, நீயும் அப்படியே திரும்பிப் போயிடு.”

ஞாயிற்றுக்கிழமை சபையின் குழந்தைகள் காப்பகத்துக்குத் திறப்பு விழா. புஷ்பவள்ளி மகளுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப்போனாள். இங்கே இடம் கிடைத்தால் வேலை நிலைக்கும். கிடைக்காவிட்டால் இல்லை.

சபைத் தலைவி மங்கலம் அம்மாள், வக்கீல் மனைவி. தன் மூன்று குழந்தைகளையும் மூன்று வேலைக்காரிகளை வைத்து வளர்த்த அனுபவசாலி. ஆயாவாகப் பொன்னியை நியமித்திருந்தார். பொன்னியின் புருஷன் பக்கிரி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வீட்டில் ஆள் இல்லாததால் அவள் தன் நாலு பிள்ளைகளையும் கூடவே கொண்டுவந்திருந்தாள். அவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

‘ஒத்திகை’க்காகத் தாய்மார்களை எல்லாம் வெளியே நிறுத்தினார்கள். ரிப்பன் வெட்ட வந்த அதிகாரியின் மனைவி போட்டோவுக்காக ராஜாமணியைத் தூக்கினார். ராஜாமணி சுற்றும் முற்றும் பார்த்தாள். அம்மா இல்லை. வாயைத் திறந்தாள். மற்ற குழந்தைகளும் ஒரே குரலாகச் சேர்ந்துகொண்டன. நாதஸ்வரக்காரர் கொஞ்ச நேரம் போட்டிக்கு நின்று பார்த்துவிட்டு, வாத்தியத்தைத் துடைத்து உறையில் போட்டார். அதிகாரியின் மனைவி நனைந்த பட்டுப்புடவையோடு காரேறினார்.

பொன்னியின் பிள்ளைகள் மட்டும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது.

“இதுங்க மட்டும் ஏன் அழல?” என்று கேட்டார் மங்கலம் அம்மாள்.

“நான்தான் இங்கியே இருக்கேனேம்மா,” என்றாள் பொன்னி.

“பாத்தீங்களா? வளப்பு. குறை காப்பகத்துல இல்ல, புள்ளைங்ககிட்டதான் இருக்கு.”

தாய் போனதும் அழும் குழந்தைகள் காப்பகத்துக்குத் ‘தகுதியற்றவை’ என்று தீர்மானம் நிறைவேறியது. பொன்னி சம்பளம் வாங்குவதால் அவளும் வேலைக்குப் போகும் தாய்தான். அவள் பிள்ளைகள் நால்வரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

“நான் போனா அழுவுதுன்னுதாம்மா இங்க வுட வந்தேன்,” என்றாள் புஷ்பவள்ளி.

“அழாம இருக்கப் பழக்கிட்டுக் கூட்டிட்டு வா.”

ஒரே இரவில் பழக்க முடியவில்லை. திங்கட்கிழமை சாமிக்கண்ணு வாக்குத் தவறவில்லை. முன்னெச்சரிக்கையாகக் கறுப்புக் கால்சட்டை வேறு போட்டிருந்தார்.

செய்தி கேட்டு மங்கலம் அம்மாளின் மனம் இளகியது. “நீயும் ஆயாவா வந்துடேன். நீ இங்க இருந்தா ஒம் புள்ள எதுக்கு அழப்போவுது?”

அழவில்லை. சபையின் கொள்கை இரண்டாம் முறையாக வென்றது.

வருஷக் கடைசியில் மங்கலம் அம்மாள் ஒரு டைப்ரைட்டரை வாங்கிவந்து வைத்தார். “அறிக்கைய நீயே அடிச்சிடு. இங்க சும்மாதான இருக்க.”

பாதி அடித்திருக்கும்போது வாசலில் மலிகா வந்து நின்றாள். பள்ளிக்கூட டீச்சர், புருஷன் மலேயாவில். இடுப்பில் இரண்டு வயசுப் பையன்.

“அக்கா, எடம் இருக்கா? ஸ்கூலுக்கு நேரமாவுது.”

“நிறைய இருக்கு. நீ போனா அழுவானா?”

“அழாம பின்ன?”

“அப்ப ஒனக்கு இல்ல தாயி.”

“அழுவுற புள்ளைக்குத்தான எடம் வேணும்?”

“நானும் அதத்தான் கேட்டேன். இப்ப ஆயாவா இருக்கேன்.”

மலிகா பையனைத் தோளில் மாற்றிக்கொண்டு நடந்தாள். புஷ்பவள்ளி உள்ளே வந்து, மங்கலம் அம்மாள் சொல்லச் சொல்லக் கடைசி வாக்கியத்தைப் பிழையில்லாமல் அடித்தாள்:

‘நமது தொட்டில்கள் காலியாக இருப்பதே, இந்நகரில் கவனிப்பாரற்ற குழந்தை ஒன்றுகூட இல்லை என்பதற்குச் சான்று.’